மடிப்பை விரிக்கும் புரதங்கள்

ஜுருவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள இடைநிலைப்பள்ளிகளில், நான்காம் படிவ மாணவர்களுக்கு ஒரு நாள் இரத்தப் பரிசோதனை நடைபெறும். பெற்றோரின் ஒப்புதலோடு தாதியர் வந்து, சிறு குழாயில் சிறிதளவு இரத்தம் எடுத்துச் செல்வர். ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வோரும் உண்டு; வீரம் பேசிவிட்டுத் தம் முறை வந்ததும் வெளிறிப்போவோரும் உண்டு. தலசீமியா என்னும் இரத்தக் குறைபாட்டின் மரபணுவை யார் யார் சுமக்கின்றனர் என்பதை அறியவே மலேசிய சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் நான்காம் படிவ மாணவர்களுக்கு இச்சோதனையை நடத்தி வருகிறது.

இரத்தத்தை ஆராயும் இச்சோதனைக்கும் மனிதனின் மூளைக்கும் என்ன தொடர்பு? மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆயினும், தலசீமியாவை ஆராயப் புகுந்த ஒரு மருத்துவரும் அவருடைய மாணவர்களும், மூளையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதத்தைக் கண்டறிந்தார்கள். அந்தக் கதையின் தொடக்கம் நம் அண்டை நாடான சிங்கப்பூரில் இருக்கிறது.

சிங்கப்பூரில் ஓர் இளம் மருத்துவர்

1950ஆம் ஆண்டுகளின் இறுதியில், டேவிட் வெதரால் என்ற இளம் ஆங்கிலேய மருத்துவர் கட்டாய இராணுவச் சேவைக்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே கூர்க்கா வீரர் ஒருவரின் குழந்தை கடுமையான இரத்தச்சோகையால் வாடிக்கொண்டிருந்தது. காரணம் யாருக்கும் விளங்கவில்லை. வெதரால் விடாமல் ஆராய்ந்து, அது தலசீமியா என்று கண்டறிந்தார். அந்நாளில் தலசீமியாவை மத்தியதரைக் கடலோர மக்களின் நோய் என்றே பலர் எண்ணியிருந்தனர். நேபாளக் குடும்பம் ஒன்றிலும் அது உண்டு என்ற செய்தியை அவர் 1960ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். அன்று தொடங்கிய ஆர்வம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றியபோது, அவரும் அவருடைய குழுவினரும் ஒரு விந்தையான செய்தியை எதிர்கொண்டனர். வட ஐரோப்பிய வழிவந்த மூன்று குடும்பங்களில், கற்றல் திறனில் பெரும் பின்னடைவு கொண்ட குழந்தைகளுக்கு ஆல்பா தலசீமியாவும் இருந்தது. அந்த மக்களிடையே ஆல்பா தலசீமியா மிக அரிது. ஆகவே, இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து வந்தது புதிய நோயின் அறிகுறியா, வெறும் தற்செயலா என்ற ஐயம் எழுந்தது. 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுக் கட்டுரை அந்த ஐயத்தையே உலகின்முன் வைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே குழந்தைகள் தலசீமியா பரவலாக உள்ள நம் வட்டாரத்தில் பிறந்திருந்தால், “இங்கே பலருக்கும் உள்ளதுதானே!” என்று அவர்களின் இரத்தக் குறைபாட்டை யாரும் பெரிதாகக் கருதியிருக்கமாட்டார்கள். அரிதான இடத்தில் தோன்றியதால்தான் அது கண்ணில் பட்டது.

மரபணு நலமாக உள்ளது. ஆனால் வேலை செய்யவில்லை

இரத்தத்தின் செந்நிறத்திற்குக் காரணமான ஹீமோகுளோபினில் ஆல்பா குளோபின் என்ற புரதம் உண்டு. அதனை உருவாக்கும் மரபணுக்கள் 16ஆம் குரோமோசோமில் உள்ளன. வழக்கமான ஆல்பா தலசீமியாவில் அம்மரபணுக்களில் ஒன்றோ பலவோ காணாமற்போயிருக்கும் அல்லது பழுதடைந்திருக்கும். மேற்கூறிய குழந்தைகள் சிலரிடம் அவ்வாறே 16ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இல்லாதிருந்தது. ஆனால், வேறு சில சிறுவர்களிடம் ஆல்பா குளோபின் மரபணுக்கள் ஒரு குறையுமின்றி முழுமையாக இருந்தன. இருந்தும் அவை போதிய அளவு வேலை செய்யவில்லை.

எழுத்துப் பிழை ஏதுமில்லாத புத்தகம் கையில் இருக்கிறது. ஆனால் அதைத் திறந்து படிக்க முடியவில்லை. அவர்களின் நிலை இதுதான். அப்படியானால் பழுது புத்தகத்தில் இல்லை. புத்தகத்தைத் திறக்கும் கையில்தான் இருக்க வேண்டும். ரிச்சர்ட் கிப்பன்ஸ், டக்ளஸ் ஹிக்ஸ் முதலியோர் அடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழு 1995ஆம் ஆண்டு அந்தக் கையைக் கண்டுபிடித்தது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே இதற்குக் காரணம் என்று தெரிந்தது. அம்மரபணுவும் அது உருவாக்கும் புரதமும் இன்று ஏ.டி.ஆர்.எக்ஸ். என்று அழைக்கப்படுகின்றன. அது குரோமட்டினை மாற்றியமைக்கும் புரதங்களுள் ஒன்று.

குரோமட்டின் என்றால் என்ன?

நம் உடலின் ஓர் உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டிப் பிடித்தால், அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். அவை அடங்கியிருக்கும் உட்கருவின் விட்டமோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு அளவே. உட்கருவை ஒரு கூடைப்பந்தின் அளவுக்குப் பெரிதாக்கினால், அதனுள் இருக்கும் டி.என்.ஏ.வின் நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஆகிவிடும். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தைப்போல் அது ஏறக்குறைய ஆறு மடங்கு. இவ்வளவு நீண்ட இழையைச் சிக்கலின்றி ஒரு பந்துக்குள் அடைப்பது எப்படி?

அதற்கென்றே ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் உள்ளன. எட்டு ஹிஸ்டோன்கள் ஒன்றுகூடி ஒரு மணிபோல் அமைய, டி.என்.ஏ. அதனை ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றிக்கொள்கிறது. இவ்வாறு சுற்றப்பட்ட மணிக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். இத்தகைய மணிகள் இலட்சக்கணக்கில் கோக்கப்பட்ட மாலையாக டி.என்.ஏ. காட்சியளிக்கிறது. டி.என்.ஏ.வும் அதைத் தாங்கும் புரதங்களும் சேர்ந்த இந்த அமைப்பே குரோமட்டின்.

ஜார்ஜ்டவுனின் லிட்டில் இந்தியாவில் உள்ள சேலைக் கடைகளை நினைத்துப் பாருங்கள். அடுக்கடுக்காகச் சேலைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். மடித்திருப்பதால்தான் சிறிய கடைக்குள் ஆயிரக்கணக்கான சேலைகள் அடங்குகின்றன. ஆனால், மடிப்புக்குள் இருக்கும் கரையும் முந்தானையும் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாது. கடைக்காரர் ஒரு சேலையை எடுத்து உதறி விரித்தால்தான் தெரியும். பார்த்து முடித்ததும் அதை மீண்டும் மடித்து அடுக்கில் வைத்தாக வேண்டும். எல்லாச் சேலைகளையும் ஒரே நேரத்தில் விரித்துப் போட்டால் கடை என்ன ஆகும்?

உட்கருவிலும் இதே நிலைதான். மனிதனிடம் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. தோலின் உயிரணுவிலும் மூளையின் நரம்பணுவிலும் இருப்பவை அதே மரபணுக்கள்தாம். எந்த மரபணு விரிந்திருக்க வேண்டும், எது மடிந்திருக்க வேண்டும் என்பதே தோலைத் தோலாகவும் மூளையை மூளையாகவும் ஆக்குகிறது.

விரிப்பவர்களும் சீட்டு ஒட்டுபவர்களும்

இந்தக் கடையில் இருவகைப் பணியாளர்கள் உள்ளனர். முதல் வகையினர் மடிப்பை விரிப்பவர்கள். இவர்களே குரோமட்டினை மாற்றியமைக்கும் புரதங்கள். இவை ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து, மணிகளை இழையின்மேல் நகர்த்துகின்றன, சிலவற்றை அகற்றுகின்றன, ஒருவகை ஹிஸ்டோனுக்குப் பதிலாக வேறுவகை ஹிஸ்டோனை வைக்கின்றன. அதனால் மறைந்திருந்த மரபணு வெளிப்படுகிறது. அல்லது வெளிப்பட்டிருந்தது மறைகிறது.

இப்புரதங்களுள் சிலவற்றை அறிவியலாளர்கள் முதன்முதலில் கண்டது மூளையில் அன்று. ரொட்டியைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டில். 1980ஆம் ஆண்டுகளில், சர்க்கரையைப் பயன்படுத்த இயலாத ஈஸ்ட் வகைகளை ஆராய்ந்தபோது, மடிப்பை விரிக்கும் புரதக் கூட்டம் ஒன்று செயலிழந்திருப்பது தெரியவந்தது. அதே கூட்டத்தின் உறவினர்கள் மனிதனிடமும் உள்ளனர். நம் மூளையில், நரம்பணு முதிர்ச்சி அடையும் வேளையில் அக்கூட்டத்தின் சில உறுப்பினர்கள் விலகி, நரம்பணுவுக்கே உரிய வேறு உறுப்பினர்கள் இடம்பெறுகின்றனர். அவ்வாறு இடம்பெறும் ஒரு புரதத்தில் குறை ஏற்படுத்தப்பட்ட எலிகள், கற்றதை நீண்ட நேரம் நினைவில் வைத்திருக்கத் தடுமாறின.

இரண்டாம் வகையினர் சீட்டு ஒட்டுபவர்கள். ‘இதை விரி’, ‘இதைத் தொடாதே’ என்பனபோன்ற வேதியியல் அடையாளங்களை ஹிஸ்டோன்களின் மேலும் டி.என்.ஏ.வின் மேலும் இவர்கள் ஒட்டுகின்றனர். ஹிஸ்டோனில் அசிட்டைல் என்னும் அடையாளம் சேர்ந்தால் மடிப்புத் தளரும். இவ்வடையாளத்தை ஒட்டும் புரதங்களுள் சி.பி.பி. முதன்மையானது. நாம் ஒரு புதிய செய்யுளை மனப்பாடம் செய்யும்போது, மூளையில் நினைவுக்குரிய பகுதியில் இத்தகைய அடையாளங்கள் புதிதாக ஒட்டப்படுகின்றன. தேவையான மரபணுக்கள் விரிகின்றன. நரம்பணுக்களுக்கு இடையேயான இணைப்புகள் வலுப்பெறுகின்றன. படிப்பது என்பது வெறும் மனத்தின் வேலை மட்டுமன்று. அது குரோமட்டினின் வேலையுமாகும்.

ஒரு புரதம், இரு விளைவு

இப்போது மீண்டும் ஏ.டி.ஆர்.எக்ஸ். புரதத்திற்கு வருவோம். ஒரே புரதத்தின் பழுது இரத்தத்தையும் மூளையையும் ஒருசேரத் தாக்குவது ஏன்?

ஒரே கடைப் பணியாளர் பல அடுக்குகளைக் கவனிப்பதுபோல, இப்புரதம் பல உறுப்புகளில் வேலை செய்கிறது. ஒரே எழுத்துவரிசை திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. பகுதிகளில் சிக்கல் ஏற்படாமல் காப்பது அதன் பணிகளுள் ஒன்று. ஆல்பா குளோபின் மரபணுவின் அருகே அத்தகைய பகுதி ஒன்று இருக்கிறது. அதைக் கவனிக்க ஏ.டி.ஆர்.எக்ஸ். இல்லாதபோது, பக்கத்தில் உள்ள ஆல்பா குளோபின் மரபணுவின் செயல் குன்றுகிறது. மூளையிலோ பாதிப்பு இன்னும் கடுமையானது. ஏ.டி.ஆர்.எக்ஸ். இல்லாத எலிக் கருக்களில், வளர்ந்துவரும் மூளையின் உயிரணுக்கள் பல இறந்துபோயின. இதனால்தான் இக்குறைபாடு உள்ள சிறுவர்களுக்கு இரத்தக் குறை பெரும்பாலும் மிதமாக இருக்க, பேச்சும் நடையும் கற்றலும் பெரிதும் பாதிக்கப்படுகின்றன.

இது மிக அரிதான குறைபாடு. தலசீமியா மரபணுவைச் சுமக்கும் மாணவர் எவரும் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. வழக்கமான தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் நலமாகவே வாழ்கின்றனர். அவர்களின் அறிவுத்திறனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமக்கும் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான தலசீமியா வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே பள்ளியில் சோதனை நடத்தப்படுகிறது.

யார்மீது பழி?

ஏ.டி.ஆர்.எக்ஸ். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அதன் பாதிப்பு பெரும்பாலும் ஆண் குழந்தைகளிடமே தெரிகிறது. ஆண்களுக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் மட்டுமே உண்டு. அதில் பழுது இருந்தால் ஈடுசெய்ய வேறொன்று இல்லை. பெண்களுக்கு இரண்டு உள்ளதால், பழுதான மரபணுவைச் சுமக்கும் தாய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இன்றி இயல்பாக வாழ்கிறார். தாம் சுமப்பது அவருக்கே தெரியாது. சில குடும்பங்களில் தாயிடம்கூட அந்தப் பழுது இருப்பதில்லை. குழந்தையிடம் அது புதிதாகத் தோன்றுகிறது.

நம் சமூகத்தில் ஒரு குழந்தை பேசத் தாமதித்தாலோ நடக்கத் தாமதித்தாலோ, உறவினரின் விரல் முதலில் நீளுவது தாயை நோக்கியே. கர்ப்பமாக இருந்தபோது எதைத் தின்றாள், எந்தக் கிரகணத்தில் வெளியே போனாள், முற்பிறவியில் என்ன பாவம் செய்தாள் என்றெல்லாம் கேள்விகள் எழும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கும் கோவிலுக்கும் அலையும் அத்தாய், அந்தப் பழியையும் சேர்த்துச் சுமக்கிறாள். குரோமட்டினைப் பற்றிய அறிவு அந்தச் சுமையை இறக்கிவைக்கிறது. பழுது தோன்றியது பல்லாயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு மரபணுவின் ஏதோ ஓர் இடத்தில். அதை யாரும் விரும்பிச் செய்யவில்லை. யாராலும் தடுத்திருக்கவும் முடியாது.

ஏ.டி.ஆர்.எக்ஸ். மட்டுமே இவ்வகைக் குறைபாட்டுக்குக் காரணமன்று. ஆட்டிசம் உள்ள சிறு பகுதியினரிடம் சி.எச்.டி.8 என்ற மாற்றியமைக்கும் புரதத்தின் மரபணுவில் பழுது இருப்பது 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகளில் தெரிந்தது. காஃபின்-சிரிஸ் நோய்க்குறியில் ஈஸ்ட்டில் கண்ட அதே கூட்டத்தின் மனித உறுப்பினர்கள் பழுதடைகின்றனர். 1963ஆம் ஆண்டு ரூபின்ஸ்டைன், தைபி ஆகிய இரு மருத்துவர்கள் விவரித்த நோய்க்குறிக்கு, சீட்டு ஒட்டும் சி.பி.பி. புரதத்தின் குறையே முக்கியக் காரணம் என்று 1995ஆம் ஆண்டு அறியப்பட்டது. பெயர்கள் வெவ்வேறு, அடிப்படைச் சிக்கல் ஒன்றே. மடிப்பு உரிய நேரத்தில் விரியவில்லை. அல்லது மடிய வேண்டியபோது மடியவில்லை.

மாற்ற முடியுமா?

பிறவியில் வந்த மூளைக் குறைபாடு மாறவே மாறாது என்று மருத்துவ உலகம் நீண்டகாலம் நம்பியிருந்தது. 2007ஆம் ஆண்டு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. ரெட் நோய்க்குறி என்பது பெரும்பாலும் பெண் குழந்தைகளைத் தாக்கும் குறைபாடு. முதல் சில மாதங்கள் இயல்பாக வளரும் குழந்தை, பின்னர்க் கற்ற சொற்களையும் கைகளின் பயன்பாட்டையும் இழந்துவிடும். டி.என்.ஏ.வில் ஒட்டிய சீட்டைப் படிக்கும் ஒரு புரதத்தின் பழுதே இதற்குக் காரணம். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டு என்பவரின் குழு, அப்புரதம் இல்லாமல் நோயுற்றிருந்த எலிகளில் அந்த மரபணுவை மீண்டும் இயங்கச் செய்தது. நடக்கவும் மூச்சுவிடவும் திணறிய எலிகள் பெருமளவு தேறின. நரம்பணுக்கள் அழிந்துவிடவில்லை, உதவிக்காகக் காத்திருந்தன என்பதை அந்த ஆய்வு காட்டியது.

இந்தியாவிலும் இத்துறையில் சிறந்த பணி நடைபெற்றுள்ளது. பெங்களூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் தபஸ் குண்டு என்ற அறிவியலாளர், சி.பி.பி. புரதத்தைத் தூண்டும் ஒரு மூலக்கூறை உருவாக்கினார். ஆனால், இரத்தத்திலிருந்து மூளைக்குள் எல்லாப் பொருளும் நுழைந்துவிட முடியாது. இடையே ஒரு தடுப்பு உண்டு. அதே மையத்தின் வேதியியலாளர் ஈஸ்வரமூர்த்தி முதலியோர் குளுக்கோஸிலிருந்து மிக நுண்ணிய கரிமக் கோளங்களைச் செய்தனர். அக்கோளங்களில் ஏற்றப்பட்ட மூலக்கூறு மூளையைச் சென்றடைந்தது. பிரான்சு நாட்டு அறிவியலாளர்களுடன் இணைந்து நடத்தி 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அம்மூலக்கூறைப் பெற்ற எலிகளின் நினைவு கூடுதல் நாள்கள் நிலைத்திருந்தது.

இவை எலிகளில் கண்ட முடிவுகள். எலியில் வென்ற மருந்து மனிதனிடம் வெல்ல நெடுங்காலம் ஆகலாம், வெல்லாமலும் போகலாம். ஆயினும், எங்கே தேட வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

நம் கடமை

மருந்து வரும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டுமா? நம் நாட்டில் பல பள்ளிகளில் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்புத் திட்ட வகுப்புகள் நடைபெறுகின்றன. அங்கே பயிலும் மாணவர்களை ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் நாம் காண்கிறோம். சிலர் அவர்களைப் பார்த்துச் சிரிப்பர், சிலர் இரங்குவர், பலர் விலகிச் செல்வர். அவர்களுக்கு வேண்டியது சிரிப்பும் இரக்கமும் அன்று. ஒரே மேசையில் அமர்ந்து பேசும் ஒரு நண்பனே வேண்டும்.

அனுபவமும் பயிற்சியும் குரோமட்டினின் அடையாளங்களை மாற்றுகின்றன என்று கண்டோம். பேச்சுப் பயிற்சியாளர் பொறுமையோடு ஒரே சொல்லை நூறுமுறை சொல்லித் தருவதும், அண்ணன் தம்பியின் கைபிடித்து நடக்கப் பழக்குவதும், ஆசிரியர் ஒரே எழுத்தை மறுபடியும் எழுதிக் காட்டுவதும் பழுதான மரபணுவைத் திருத்திவிடா. ஆனால், பழுதடையாமல் எஞ்சியிருப்பவற்றை விரித்துப் பயன்படுத்த அவை துணைபுரியும்.

அடுத்த முறை இரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும்போது, அந்தச் சிறு குழாயைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒரு குழந்தையின் இரத்தத்தில் எழுந்த ஐயத்தை விடாமல் பின்தொடர்ந்ததால்தான் மூளையின் மடிப்புகளைப் பற்றி இவ்வளவு அறிந்தோம். பல தாய்மார்கள்மீது சுமத்தப்பட்ட பழி நீங்கவும் அதுவே வழிவகுத்தது.